இலங்கைச் சோனகர்: இது என்ன தொகை?

தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்கள் நிரப்பும் நாட்களில் எங்கள் பாடசாலையில் பாடங்கள் ஒழுங்காக நடப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கசங்காமல் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். பெயர், திகதி, எழுத்துப்பிழை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வகுப்பாசிரியனாகிய என் வேலை. அப்படியொரு நாளில், தன் பத்திரத்தில் இனம் என்று இருந்த கூட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒரு மாணவி கேட்டாள்.

"சேர், 'இலங்கைச் சோனகர்' எண்டு போட்டிரிக்கி. இது என்ன தொகை?"

முந்திய கிழமைதான் தொகைநிலைத் தொடர் படிப்பித்திருந்தேன். படித்த பாடத்தைப் பிள்ளை வாழ்க்கையில் வைத்துப் பார்க்கிறாளே என்ற சந்தோஷத்தில் சட்டென்று பதில் சொன்னேன். "ஆறாம் வேற்றுமைத் தொகை. இலங்கையினது சோனகர்." அவள் விடவில்லை.

"அப்ப நாங்க இலங்கைக்குச் சொந்தமான சாமானா சேர்? இலங்கையில இரிக்கிற ஆக்கள் எண்டா அது ஏழாம் வேற்றுமையெல்லோ?"

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். அந்த 'நாளை' வருவதற்குப் பல மாதம் எடுத்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவன், இருபது வருடமாக அதையே படிப்பிப்பவன், என் சொந்தப் பெயரை விரித்துப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இக்கட்டுரை அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்ட பதில்.

மறைந்து நிற்கும் உருபு

இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவற்றுக்கு இடையில் ஓர் உறவு பிறக்கிறது. அந்த உறவைக் காட்டும் உருபு வெளியே தெரியாமல் தொக்கி நின்றால் அது தொகை. மறைந்ததை வெளியே எடுத்துச் சொன்னால் அது விரி. வீட்டில் இருக்கும் இரண்டு போத்தல்களைப் பாருங்கள். ஒன்று இருமல் மருந்து. மற்றது தூக்க மருந்து. அமைப்பு ஒன்றுதான். ஆனால் இருமல் மருந்து இருமலை நிறுத்துவது. தூக்க மருந்து தூக்கத்தை வரவழைப்பது. நிறுத்துதல், வரவழைத்தல் ஆகிய இரண்டு வினையும் சொல்லில் இல்லை, நம் அறிவில் இருக்கின்றன. அறியாதவன் கையில் போத்தலைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இப்படி உருபும் அதன் பயனும் சேர்ந்தே மறைவதை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்கிறோம்.

தொல்காப்பியர் எச்சவியலில் தொகை ஆறு என்று வகுத்தார். வேற்றுமைத்தொகை, உவமத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை. நமது பாடப்புத்தகம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் தொல்காப்பியர் நிற்கவில்லை. தொகையில் பொருள் எந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். சில தொகையில் முன்மொழி மேல் நிற்கும். சிலவற்றில் பின்மொழி மேல். சிலவற்றில் இரண்டின் மேலும். சிலவற்றில் இரண்டிலும் நில்லாமல் வெளியே உள்ள வேறொன்றின் மேல். மல்லிகைப்பூ என்றால் அது ஒரு பூ. பின்மொழி மேல் பொருள். உம்மாவாப்பா என்றால் இருவரும். 'காக்கிச்சட்டை வருது' என்றால் வருவது சட்டையுமல்ல, காக்கியுமல்ல, பொலிஸ்காரர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி இதே நான்கு இடத்தையும் சொல்லிவிட்டு, இன்னும் ஒன்றைச் சேர்த்தார். தொகையில் பொருள் மயங்குமானால் இரண்டு முதல் ஏழு வரை விரியும் என்றார். ஒரே தொகைக்கு ஏழு பொருள் இருக்கலாம் என்பதை ஓர் இலக்கணக்காரர் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார். அவர் சமணர். அவருக்கு முன் பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். வடமொழித் தொகைப் பெயர்களை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அன்மொழித்தொகைக்கு நிகரான 'பகுவிரீகி'யைப் 'பலநெல்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினார். நெல் நிறைய உள்ளவன் என்பது அதன் கருத்து. நெல்லுமில்லை, பலவுமில்லை, ஆள்தான் பொருள். தமிழ் இலக்கணம் எந்த ஒரு சமயத்தாரின் சொத்தும் அல்ல என்பதற்கு இவ்விருவரும் போதும். பள்ளிவாசலுக்குப் போகும் நான் அதைப் படிப்பிப்பதும் அந்த வரிசையில்தான்.

ஆங்கிலமும் இந்த விடயத்தில் நம்மோடு ஒத்துப்போகிறது. அங்கும் பெரும்பாலும் கடைசிச் சொல்லே தலை. முன்னே நிற்பது அடை. 'ஸ்கூல் பஸ்' ஒரு பஸ்; 'பஸ் ஸ்கூல்' என்று ஒன்று இருந்தால் அது ஒரு பாடசாலை. அமெரிக்க மொழியியலாளர் புளூம்ஃபீல்ட் 1933இல் வெளியிட்ட 'லாங்குவேஜ்' நூலில், தலையைத் தன்னுள்ளே கொண்ட தொகை, தலை வெளியே உள்ள தொகை என்று பிரித்தார். இரண்டாவது வகைக்கு மேல்நாட்டு மொழியியலார் இன்றும் 'பகுவிரீகி' என்ற வடமொழிப் பெயரையே வழங்குகிறார்கள். நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமான கேள்வி அது.

அரபு இலக்கணத்தில் மூன்று எழுத்து

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு இலக்கணமும் தெரியும். மத்ரஸாவில் நஹ்வு ஓதியவர்கள் 'இளாஃபா'வை அறிவார்கள். முழாஃப், முழாஃப் இலைஹி என்று இரண்டு பெயர்கள் சேரும். தமிழில் தலைச்சொல் கடைசியில் வரும். அரபில் முதலில் வரும். நோன்புப் பெருநாள் என்று நாம் சொல்வதை ஈதுல் ஃபித்ர் என்று அரபு சொல்கிறது. பெருநாள் அங்கே முன்னுக்கு, இங்கே பின்னுக்கு.

அரபு இலக்கணக்காரர்களும் அந்தச் சேர்க்கைக்குள் ஏதோ மறைந்திருப்பதைக் கண்டார்கள். லாம், மின், ஃபீ என்று மூன்றைச் சொன்னார்கள். உரிமைக்கு லாம், எதனால் ஆனது என்பதற்கு மின், இடத்துக்கும் காலத்துக்கும் ஃபீ. வெள்ளி மோதிரத்தில் மறைந்திருப்பது மின். இரவுத் தொழுகையில் மறைந்திருப்பது ஃபீ. பைத்துல்லாஹ்வில் மறைந்திருப்பது லாம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பைத்துல்லாஹ் என்பதை ஒரு சிறுவன் 'அல்லாஹ் குடியிருக்கும் வீடு' என்று விரித்தால் உஸ்தாத் உடனே திருத்துவார். அது அல்லாஹ்வுக்கு உரியதென்று கண்ணியப்படுத்தப்பட்ட இல்லம்; அவன் இடத்துக்குள் அடங்குபவன் அல்லன். லாமுக்குப் பதிலாக ஃபீயை வைத்துவிட்டால் இலக்கணப் பிழையோடு முடியாது, அகீதாவிலேயே பிழை வந்துவிடும். தொகையை விரிப்பது விளையாட்டுக் காரியம் அல்ல என்று எனக்கு முதலில் உறைக்க வைத்தது தமிழ் வகுப்பல்ல, சிறுவயது மத்ரஸாதான்.

ஒரு வல்லின எழுத்து

இனி நம்மைக் குறித்த பெயர்களுக்கு வருவோம். முதலில் சண்டையில்லாத ஒன்று. 'அரபுத்தமிழ்' என்ற பெயரைக் கேட்ட வெளியார் பலர், அது அரபும் தமிழும் கலந்த ஒரு கலவை மொழி என்று எண்ணுகிறார்கள். உம்மைத்தொகையாக விரிக்கிறார்கள். ஆனால் பெயரின் நடுவே ஒரு 'த்' நிற்கிறது. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. அரபும் தமிழும் என்ற பொருளில் 'அரபு தமிழ் அகராதி' என்று மிகாமல் எழுதுகிறோம். அரபுத்தமிழ் என்று மிகுந்து வந்தால் அது வேறு தொகை. அரபு எழுத்தால் எழுதப்பட்ட தமிழ் என்பது பொருள். தலைச்சொல் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் மார்க்கச் சட்டங்களை அதில் எழுதினார்கள். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிக் கொண்டார்கள். என் மூத்தம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க ஏலாது. ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபை மடியில் வைத்து ஓதுவார்; ஓதியது முழுக்கத் தமிழ். எழுத்துத் தெரியாதவர் என்று அவரைக் கணக்கில் எழுதியவர்களுக்கு அந்த 'த்' கண்ணில் படவில்லை.

எல்லாத் தொகைக்கும் இப்படி ஓர் எழுத்து உதவிக்கு வருவதில்லை. ஒருமுறை இலக்கிய நிகழ்வொன்றுக்காகத் தமிழ்நாடு போயிருந்தேன். மேடையில் என்னை 'இலங்கைத் தமிழ் முஸ்லிம் ஆசிரியர்' என்று அறிமுகம் செய்தார்கள். எனக்கு முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. தேநீர் வேளையில் அங்குள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "என்ன தம்பி, பேர் சொன்னப்ப முகம் மாறிச்சே?" என்றார். எங்கள் நாட்டில் 'தமிழ் முஸ்லிம் மக்கள்' என்று பத்திரிகையில் வந்தால் தமிழரும் முஸ்லிம்களும் என்று இரண்டு சமூகத்தைக் குறிக்கும், ஒரு ஆளை அப்படிச் சொல்வதில்லை என்று விளக்கினேன். அவர் ஆச்சரியப்பட்டார். "எங்களுக்கு அது ஒரே ஆள். தமிழ் முஸ்லிம்னா உருது பேசுற முஸ்லிம் இல்லைன்னு அர்த்தம்."

பாக்கு நீரிணைக்கு அந்தப்பக்கம் பண்புத்தொகை, இந்தப்பக்கம் உம்மைத்தொகை. ஒரே இரண்டு சொல். ழகர ஒற்றுக்குப் பின் மகரம் வருவதால் மிகுவதற்கும் இடமில்லை. எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது இலக்கணமன்று, வரலாறு.

தலைச்சொல் எது என்ற வழக்கு

யவனர் என்ற பழஞ்சொல் யோனகர், சோனகர் என்று திரிந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மேற்கிலிருந்து கடல்வழி வந்தோரைக் குறித்த சொல் அது. சிங்களத்திலும் 'யோனக' என்றே வழங்குகிறது. போர்த்துக்கேயர் தம் நாட்டில் அறிந்திருந்த முஸ்லிம்களின் பெயரை இங்குள்ளவர் மேலும் போட்டு 'மூரோஸ்' என்றார்கள். அது ஆங்கிலத்தில் 'மூர்' ஆயிற்று. ஆக, உள்ளூர்ப் பெயரும் பிறர் வைத்ததுதான், ஆங்கிலப் பெயரும் பிறர் வைத்ததுதான்.

1879 முதல் தமிழ் பேசுவோரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையில் இருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1885இல் சபையிலும், 1888இல் ரோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிலும் ஒரு கருத்தை முன்வைத்தார். சோனகர் மொழியாலும் வழக்கங்களாலும் தோற்றத்தாலும் தமிழரே. மதத்தால் மட்டும் முகம்மதியர் என்பது அதன் சாரம். அக்காலத்தில் சபைக்குத் தனியாக ஒரு முஸ்லிம் உறுப்பினரை நியமிப்பது பற்றிய பேச்சு இருந்தது. சோனகர் தமிழர் என்றால் தனி உறுப்பினருக்கு அவசியமில்லை. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆனாலும் வாதம் தீரவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், இராமநாதனின் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு நூலையே வெளியிட்டார். நம் மூதாதையர் அரபு நாட்டவர். தமிழ் அவர்கள் வாழ்ந்த இடத்தில் வசதிக்காக எடுத்துக்கொண்ட மொழி என்றார்.

இந்த வழக்கைத் தொல்காப்பியரின் கேள்வியை வைத்துப் பார்த்தால், இருவரும் எதில் முட்டிக்கொண்டார்கள் என்பது தெளிவாகும். தமிழ் என்றும் முஸ்லிம் என்றும் இரண்டு சொல் இருக்கின்றன. பொருள் எந்தச் சொல்லின் மேல் நிற்கிறது? இராமநாதனுக்குத் தமிழர் என்பது பொதுப்பெயர். முஸ்லிம் அதன் ஒரு சிறப்பு. மல்லிகைப்பூ போல இருபெயரொட்டுப் பண்புத்தொகை. அஸீஸுக்குத் தமிழ் வெறும் அடை. தலை வேறிடத்தில் இருந்தது. அந்த அடை அவசியமானதா என்பதே அவருக்குச் சந்தேகம்.

இருவருமே கொழும்பு அரசியலை மனதில் வைத்தே எழுதினார்கள். எங்கள் வாவிக்கரையில் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இராமநாதன் தேடியதும் அஸீஸ் தேடியதும் தகப்பன்வழி. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை நம் ஊர்களில் 'குடி' தாய்வழியாக எண்ணப்பட்டது. இந்துக்களிடமும் அப்படி, நம்மிடமும் அப்படி. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். வாப்பாவின் குடியை அல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயர்மார் குடிகளின் பெயரால் இருந்தார்கள். கலியாணமானால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது இன்றைக்கும் எங்கள் வழக்கம். அரபு வாப்பாமாரைப் பற்றிக் கொழும்பில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு பிள்ளை யார் என்ற கேள்விக்கு அதன் உம்மும்மாவைக் கேட்டு விடை சொன்னார்கள். அந்தத் தாய்மாரின் நாவில் இருந்தது தமிழ். கப்பலில் வந்தவர் யாராயிருந்தாலும் தாலாட்டுப் பாடியது அவர் அல்லவே.

மேசையில் விரிந்த தொகைகள்

குடிசன மதிப்பீட்டுக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோனகரை 'சிலோன் மூர்ஸ்', 'இந்தியன் மூர்ஸ்' என்று இரண்டாக்கினார்கள். இரண்டாமவரைப் பேச்சிலும் எழுத்திலும் 'கோஸ்ட் மூர்ஸ்' என்றும் சொன்னார்கள். கோஸ்ட் என்றால் கரை. முன்னால் வாவி, பின்னால் கடல் என்று வாழும் காத்தான்குடியான் ஒருவன் அதைக் கேட்டால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பான். ஆனால் அந்தக் கரை நம் கரையல்ல, சோழமண்டலக் கரை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்ப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களே கோஸ்ட் மூர். எந்தக் கரை என்பதும், கரையில் வாழ்பவரா கரையிலிருந்து வந்தவரா என்பதும் பெயரில் இல்லை.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு நம்மைப்போல் வேற்றுமை உருபுகளும் இல்லை. விரித்துக் காட்டச் சொன்னால் ஒரு முன்னிடைச்சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்பது எடுப்பவர் கையில். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் மலையக மக்கள். 'இந்தியத் தமிழர்' என்ற தொகையை எப்படி விரிப்பது? முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த தமிழர் என்றால் அது ஐந்தாம் வேற்றுமை. வந்த இடத்தை மட்டும் சொல்கிறது. இந்தியாவுக்கு உரிய தமிழர் என்றால் அது நான்காம் வேற்றுமை. போக வேண்டிய இடத்தைச் சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும், 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் எழுதினார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியபோது அதன் தலைப்பே அவர்களை 'இந்திய வம்சாவளியினர்' என்றது. வந்த வழியைச் சொல்லும் ஒரு சொல் உள்ளே வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு பிந்தி ஒரு தொகை சட்டத்தில் சரியாக விரிந்தது. அதற்குள் மூன்று தலைமுறை லயக்காம்பறாக்களில் போய்விட்டது.

1949 டிசம்பரில் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பெயரும் இதே பாடத்தைச் சொல்லும். ஆங்கிலத்தில் அதற்குப் 'ஃபெடரல் பார்ட்டி', கூட்டாட்சிக் கட்சி என்று பெயர். தமிழில் 'தமிழரசு'. தமிழர் கூட்டாட்சிக்குள் நடத்தும் அரசா, தமிழருக்கென்று ஒரு தனி அரசா என்பதைத் தொகை சொல்லவில்லை. ஆதரித்தவர் ஒருவிதமாகவும் எதிர்த்தவர் இன்னொருவிதமாகவும் விரித்தார்கள்.

அக்கட்சி பெரிதாக வழங்கிய இன்னொரு தொடர் 'தமிழ் பேசும் மக்கள்'. இலக்கணத்தில் இது முக்கியமானது. 'தமிழ் மக்கள்' என்ற தொகையில் மறைந்து கிடந்த உறவை இது வாய்திறந்து சொல்கிறது. 'பேசும்' என்ற பெயரெச்சம் நடுவில் நிற்பதால், தமிழுக்கும் நமக்கும் உள்ள உறவு பேசுவது மட்டுமே என்று வரையறை கிடைக்கிறது. நம் முந்திய தலைமுறை அந்தத் தொடருக்குள் வந்து நிற்க முடிந்தது அதனால்தான். கிழக்கில் முஸ்லிம்கள் தமிழரசுக் கட்சியில் போட்டியிட்டு வென்ற காலம் ஒன்று இருந்தது.

அது நிலைக்கவில்லை. 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு இஷாத் தொழுகையில் நின்றவர்கள் அதே காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர். அதே ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நான் அப்போது சிறு பிள்ளை. அந்த இரவில் ஓடியவர்களும் தமிழில்தான் கத்திக்கொண்டு ஓடினார்கள் என்று வாப்பா பின்னொரு நாள் சொன்னார். தமிழ் முஸ்லிம் என்ற இரண்டு சொல் இங்கே உம்மைத்தொகையாய் இறுகியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பெரியவருக்கு அன்று நான் இதைச் சொல்லவில்லை. தேநீர் வேளைக்குள் அடங்கும் கதை அல்ல அது.

ஆனால் நம்மவர் தாமே வைத்த பெயர்களும் உண்டு. 1966இல் மருதமுனையில் ஒரு மாநாடு நடந்தது. முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டை 1953இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய பேராசிரியர் ம.மு. உவைஸ் போன்றோர் வளர்த்த துறையின் பெயர் 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்'. அதை எங்கே பிரித்தாலும் தலைச்சொல் இலக்கியம், அதைத் தொட்டுக்கொண்டு நிற்பது தமிழ், முன்னே இஸ்லாம். மூன்றும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. நம்மை நாமே தொகுத்துக்கொண்டபோது அப்படித்தான் தொகுத்தோம்.

பிள்ளைக்குச் சொன்ன பதில்

இப்போது என் கடனுக்கு வருகிறேன். 'இலங்கையினது சோனகர்' என்று நான் சொன்ன விரி பிழை. அது கருத்துப் பிழை மட்டுமல்ல, சுத்தமான இலக்கணப் பிழை. பல்கலைக்கழகத்தில் படித்து மறந்துபோன ஒரு விதியைத் தேடிப் பிடித்தேன். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் சொல்கிறார்: ஆறாம் வேற்றுமைக்குரிய 'அது' என்ற உருபு உயர்திணைத் தொகையில் வராது, அது கெட்டு, அந்த இடத்தில் 'கு' வரும். நம்பி மகன் என்பதை நம்பியது மகன் என்று விரிக்கக்கூடாது. நம்பிக்கு மகன் என்று விரிக்க வேண்டும். வளவும் வயலும் ஒருவனது ஆகலாம். மனிதன் எவரதும் ஆகான். அவன் ஒருவருக்கு மகன், ஓர் ஊருக்கு உரியவன். உடைமைக்கு ஓர் உருபு, உறவுக்கு ஓர் உருபு என்று அவர் பிரித்திருக்கிறார்.

அந்த மாணவி "நாங்க சாமானா சேர்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாளே, அதுதான் தொல்காப்பியரின் கேள்வியும். அவள் அந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை. தமிழ் அவள் வீட்டு மொழி. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த தவணையில் கரும்பலகையில் எழுதினேன்: 'இலங்கைக்கு உரிய சோனகர்.' நான்காம் வேற்றுமை. பக்கத்தில் 'இலங்கையில் வாழும் சோனகர்' என்று ஏழாம் வேற்றுமையையும் எழுதி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "இலங்கையில எண்டா வாடகைக்கும் இரிக்கலாம் சேர். இலங்கைக்கு எண்டா வளவு நம்மட பேர்ல." இதைவிட நல்ல உரை எந்த உரையாசிரியரும் எழுதியிருக்க முடியாது.

நம் பிள்ளைகளுக்குத் தொகை என்றால் ஆறு வகை, ஆளுக்கு ஓர் உதாரணம், இரண்டு புள்ளி என்று படிப்பித்து முடித்துவிடுகிறோம். நம்மை யாரோ ஒரு பெயரால் அழைக்கும்போது, அந்தப் பெயருக்குள் எந்த உருபை மறைத்து வைத்திருக்கிறார் என்று கேட்கவும் அதே பாடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிறுபான்மைக்கு அது பரீட்சைக்கு மட்டும் உதவும் பாடமல்ல.

அந்த மாணவியின் அடையாள அட்டை வந்துவிட்டது. கொண்டுவந்து காட்டினாள். அதில் அவள் பெயரும் ஊரும் இருந்தன. இனம் என்று ஒரு கூடு இல்லை. "இதுல தொகையே இல்ல சேர்" என்றாள். ஊரின் பெயரை விரித்துப் பார் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.